சிகிச்சை முடியும்வரை பிள்ளைகளை அம்மிச்சி வீட்டில் விட்டுவிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 34. பல்லடம் பக்கத்தில் விசைத்தறி வைத்திருக்கிறோம். மகளுக்கு 7 வயது. மகனுக்கு இரண்டரை வயது. இரவில் இன்னும் பால் குடித்துத்தான் தூங்குவான். அவன் விளையாட்டாக நெஞ்சில் முட்டியபோதுதான் இடது மார்பில் கட்டி இருப்பது தெரிந்தது. மார்பகப் புற்றுநோய் என்று உறுதியாகிவிட்டது. வரும் புதன்கிழமை கோவையில் முதல் கீமோ. 21 நாளுக்கு ஒன்றாக 4 முறை, பிறகு வாரம் ஒன்றாக 12 முறை, அதன்பின் அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு என்று சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைகளிடம் எதுவும் சொல்ல வேண்டாம், எல்லாம் முடியும்வரை கோபியில் அம்மிச்சி (என் அம்மா) வீட்டில் இருக்கட்டும் என்கிறார் மாமியார். நான் என்ன செய்வது?

பதில்: அனுப்பாதீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் சிகிச்சையைக் கூட்டிப் பார்த்தால் எட்டு, ஒன்பது மாதம் வருகிறது. உங்கள் மகன் இதுவரை வாழ்ந்த காலத்தில் கால் பங்குக்கு மேல் அது. அத்தனை நாள் அம்மாவைப் பிரிந்திருப்பதற்கு அந்த வயதில் ஒரே ஒரு பொருள்தான் உண்டு: அம்மா என்னை விட்டுவிட்டாள்.

உங்கள் மாமியாரின் பயம் எனக்குப் புரிகிறது. பச்சைப் பிள்ளைகள் எதையும் பார்க்கக் கூடாது என்று நினைக்கிறார். ஆனால் பிள்ளைகள் பார்க்காமல் இருப்பதில்லை. இப்படி அனுப்பப்பட்டுத் திரும்பி வந்த ஒரு சிறுவனை நான் சந்தித்திருக்கிறேன். அம்மாவின் மடிக்கே வர மறுத்தான். பலமுறை கேட்டபின் சொன்னான்: “நான் சேட்டை செய்ததால்தானே என்னை அனுப்பினார்கள்?” யாரும் அவனிடம் அப்படிச் சொல்லவில்லை. காரணம் சொல்லாமல் விட்ட இடத்தை அவனே நிரப்பிக்கொண்டான். ஆறேழு வயது வரைக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் அப்படித்தான் நிரப்புவார்கள், தன்னால்தான் என்று.

உங்கள் கடிதத்தில் மகன் முட்டியபோது கட்டி தெரிந்தது என்ற வரியை இரண்டு முறை படித்தேன். அடிபட்டதால் மார்பகப் புற்றுநோய் வருவதில்லை. ஏற்கெனவே இருந்த கட்டி அன்றைக்குக் கைக்கு அகப்பட்டது, அவ்வளவுதான். அவன் முட்டியிருக்காவிட்டால் இன்னும் தாமதமாகத் தெரிந்திருக்கும். ஆனால் ‘பையன் முட்டியதில் வந்தது’ என்று வீட்டில் யாராவது இதற்குள் சொல்லியிருக்கக்கூடும். அந்தப் பேச்சை இன்றே நிறுத்துங்கள். மகள் அதைக் கேட்டால் தம்பியைக் குற்றவாளியாக்கிவிடுவாள். ஒருநாள் அவன் காதிலும் அது விழும்.

மகளிடம் நோயின் பெயரைச் சொல்லியே பேசுங்கள். ‘சின்னக் கட்டி’, ‘உடம்பு சரியில்லை’ என்று மழுப்பினால், அடுத்த மாதம் அவளுக்குச் சளிக் காய்ச்சல் வரும்போது தனக்கும் முடி கொட்டிவிடுமோ என்று பயப்படுவாள். மேலும், புற்றுநோய் என்ற சொல் அவளுக்குப் புதிதல்ல. சினிமாத் தியேட்டரில் படம் தொடங்கும் முன் புகையிலைக்கு எதிராகக் காட்டும் விளம்பரத்தில் அதைக் கேட்டிருப்பாள். ஆஸ்பத்திரிப் பலகையிலோ உறவினர் வாயிலோ அதே சொல்லைக் கேட்டால் அந்த விளம்பரம்தான் நினைவுக்கு வரும். ஆகவே முந்திக்கொண்டு சொல்லுங்கள்: “சாமி, அம்மாவுக்கு மார்பில் ஒரு நோய் வந்திருக்கிறது. அதன் பேர் புற்றுநோய். தியேட்டரில் காட்டுகிறார்களே, அது வேறு வகை. நீயோ தம்பியோ செய்த எதனாலும் இது வரவில்லை. தொட்டால் ஒட்டிக்கொள்ளாது. புதன்கிழமை மருந்து ஏற்றப் போகிறேன். சாயங்காலம் அப்பா உன்னை அழைத்துவர ஸ்கூலுக்கு வருவார்.” இதற்கு மேல் முதல் நாளில் வேண்டாம். சொல்லும்போது உங்களுக்கு அழுகை வந்தால் அழுங்கள். அம்மாவுக்கு வருத்தமாக இருக்கிறது என்று சொன்னால் போதும்.

மகனின் விஷயம் இன்னும் நுட்பமானது. கீமோ மருந்து தாய்ப்பாலில் கலக்கும். புதன்கிழமைக்கு முன் பாலை நிறுத்தியாக வேண்டும். இதுவரை குடித்த பாலால் அவனுக்கு நோய் தொற்றாது, அந்தக் கவலை வேண்டாம். வேப்பெண்ணெய் தடவி மறக்கடிக்கும் வழக்கம் உங்கள் வீட்டிலும் இருக்கும். இந்த முறை அதைச் செய்யாதீர்கள். திடீரென்று அம்மாவின் நெஞ்சு கசந்து, அதற்கடுத்த நாள்களில் அம்மாவும் படுத்துவிட்டால் அவனுக்குப் போக்கிடம் எது? “அம்மாவுக்கு இங்கே வலிக்கிறது, பால் இனிமேல் டம்ளரில்தான், ஆனால் கட்டிக்கொண்டு தூங்கலாம்” என்று ஒவ்வொரு இரவும் ஒரே வார்த்தையில் சொல்லுங்கள். மூன்று நான்கு இரவு அழக்கூடும். அப்பா அவனுக்கு அந்தப் பக்கம் படுத்துக்கொள்ளட்டும். பால் கட்டிக்கொண்டு வலித்தாலோ காய்ச்சல் கண்டாலோ உடனே உங்கள் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

இனி அந்த 21 நாள் கணக்கு. துணிக்கடையில் கொடுத்த மாதக் காலண்டர் சுவரில் மாட்டியிருக்கும் அல்லவா, அதையும் மகளின் வண்ணக் குச்சிகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். மருந்து ஏற்றும் நாளும் அதன்பின் மூன்று நான்கு நாளும் சிவப்பு, அம்மா படுத்திருப்பாள். ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை மஞ்சள். வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும், கிருமிக்குப் பயப்பட வேண்டிய நாள்கள். கடைசி வாரம் பச்சை. அம்மா ஸ்கூல் வாசலுக்கே வரலாம். கட்டங்களை அவளே தீட்டட்டும். உடம்புக்கு உடம்பு இது கொஞ்சம் மாறும், இரண்டு சுற்று போனால் உங்கள் கணக்கு உங்களுக்கே பிடிபடும். சிவப்பு நாள்களுக்குக் கோபியிலிருந்து அம்மிச்சியை வரச் சொல்லுங்கள். பிள்ளைகள் இடம் மாறுவதைவிட அவர் இடம் மாறுவது நல்லது. வார மருந்து தொடங்கியபின் பலருக்கு விரல் நுனி மரத்துப்போகும், சட்டைப் பொத்தான் போடுவதே சிரமமாகும். அதனால் மகளுக்கு ஜடை பின்ன உங்கள் கணவர் இப்போதே பழகிக்கொள்ளட்டும்.

முதல் மருந்துகளில் ஒன்று சிவப்பாக இருக்கும் என்றால், ஒன்றிரண்டு நாள் சிறுநீரும் சிவந்து போகும். மகள் அதைப் பார்த்து ரத்தம் என்று அலறுவதற்குள் ‘மருந்தின் நிறம்’ என்று சொல்லி வையுங்கள். அந்த 48 மணி நேரம் கழிப்பறையில் இரண்டு முறை தண்ணீர் விடுங்கள். வாந்தி எடுத்த பாத்திரத்தைப் பெரியவர்கள் கையுறை போட்டுக் கழுவட்டும். பிள்ளைகளைக் கட்டி அணைப்பதற்கு அன்றும் தடையில்லை. பின்னால் தரப்போகும் கதிர்வீச்சு வெளியிலிருந்து கருவி மூலம் தருவது என்றால் அதற்கும் இல்லை, அது உடம்பில் தங்காது. பெட் ஸ்கேன் எடுக்கும் நாள்தான் விலக்கு: ஊசியில் போட்ட கதிரியக்கப் பொருள் அடங்கும்வரை சில மணி நேரம் பிள்ளைகளை மடியில் வைக்கக் கூடாது. எத்தனை மணி என்பதை அங்கேயே கேட்டுக்கொண்டு வாருங்கள்.

முடி, முதல் கீமோவிலிருந்து இரண்டு மூன்று வாரத்தில் கொட்டத் தொடங்கும். மொட்டை நம் பிள்ளைகளுக்கு அச்சம் தரும் காட்சி அல்ல. பழனியில் எத்தனையோ பார்த்திருப்பார்கள். அதைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் வேண்டுதல் என்று பொய் சொல்லாதீர்கள். மருந்தால் கொட்டுகிறது, மருந்து முடிந்தால் வளரும் என்று சொல்லுங்கள்.

மஞ்சள் நாள்களில் நான் மிகவும் பயப்படுவது அம்மைக்கு. உறவில் ஒரு பிள்ளைக்குச் சின்னம்மை போட்டிருந்தால் அந்த வீட்டுக்கு உங்கள் பிள்ளைகள் போகக் கூடாது. போய்வந்துவிட்டால், உங்களுக்குக் கொப்புளம் வரும்வரை காத்திராமல் அன்றைக்கே மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். போலியோ சொட்டு மருந்து முகாம் வந்தாலும் முதலில் உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். அதில் உயிருள்ள, வீரியம் குறைத்த கிருமி இருக்கிறது, குழந்தையின் மலத்தில் சில வாரம் வெளியேறும். ஊசியாகவும் போலியோ தடுப்பு மருந்து உண்டு. உங்களுக்குக் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் நள்ளிரவானாலும் போன் செய்துவிட்டுப் புறப்படுங்கள். மாத்திரை போட்டுக்கொண்டு விடியட்டும் என்று படுத்துவிடாதீர்கள். தறிக்கு இரவு ஓட்டம் இருந்தால் வண்டிக்கு யார் என்பதை முன்பே பேசி வையுங்கள்.

உறவினர்களை வாசலில் எதிர்கொள்வது உங்கள் கணவரின் வேலை. பழமும் ஹார்லிக்ஸுமாக வருவார்கள், இருமிக்கொண்டும் வருவார்கள். அதைவிட ஆபத்து ஒன்று உண்டு. மகளின் தலையைத் தடவி, “இனிமேல் நீதான் கண்ணு அம்மாவையும் தம்பியையும் பார்த்துக்கொள்ள வேண்டும்” என்பார்கள். ஏழு வயதுப் பிள்ளை அதை அப்படியே எடுத்துக்கொள்ளும். விளையாடப் போகாது, இரவில் எழுந்து அம்மா மூச்சு விடுகிறாளா என்று பார்க்கும். அவளுக்குத் தண்ணீர் எடுத்துத் தருவது போன்ற சின்ன வேலை கொடுங்கள், பொறுப்பைக் கொடுக்காதீர்கள். அவளுடைய வகுப்பு ஆசிரியையிடமும் விவரம் சொல்லி வையுங்கள்.

அறுவை சிகிச்சைக்குப்பின் சில வாரம் மகனை இடுப்பில் தூக்க முடியாது. கட்டிலில் நீங்கள் உட்கார்ந்துகொண்டு, வலப்பக்கமாக அவனே ஏறி வரப் பழக்குங்கள். இப்போதே தொடங்கினால் அன்றைக்கு அது புதிதாக இருக்காது. மகளுக்கும் பின்னால் வருமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நினைத்திருப்பீர்கள். மார்பகப் புற்றுநோயில் நூற்றுக்கு 5 முதல் 10 வரைதான் பரம்பரையாக வருவது. உங்கள் வயதில் மரபணுப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேட்பது சரி. பரிசோதனை உங்களுக்குத்தான், பிள்ளைகளுக்கு இப்போது எதுவும் தேவையில்லை.

கடைசியாக, அவள் கேட்டே தீரும் கேள்வி: “நீங்கள் செத்துப்போவீர்களா அம்மா?” சத்தியம் செய்யாதீர்கள். “இந்த நோயில் சிலர் இறந்திருக்கிறார்கள், நிறையப் பேர் குணமாகியிருக்கிறார்கள். நான் குணமாகத்தான் மருந்து எடுக்கிறேன். ஏதாவது மாறினால் உன்னிடம் நானே சொல்வேன்” என்று சொல்லுங்கள்.

செவ்வாய் இரவுவரை தள்ளிப்போடாமல் ஞாயிறு காலையில் சொல்லிவிடுங்கள். கேட்பதற்கு அவளுக்கு ஒரு முழுப் பகல் வேண்டும். நீங்கள் சொல்லி முடித்ததும் ஒன்றும் கேட்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடிவிடவும் கூடும். ஓடட்டும். இரவு விளக்கை அணைத்தபின் கேட்பாள், அப்போது பக்கத்தில் படுத்திருங்கள்.