கை வீசம்மாவுக்கு ஒரு வாரம்

கேள்வி: என் மகனுக்கு மூன்று வயது. அடுத்த ஜூனில்தான் பள்ளியில் சேர்க்க இருக்கிறோம். அதுவரை வீட்டில் நானே சொல்லிக்கொடுக்கிறேன். கைப்பேசியில் பார்த்துப் பார்த்து இருபது பாடல்களுக்கு மேல் ஒப்பிக்கிறான். ஆனால், பாட்டில் வரும் சொல்லுக்குப் பொருள் கேட்டால் விழிக்கிறான். பாடல்களை வைத்து வேறு என்ன செய்யலாம்?
– ஒரு தாய், திருப்பூர்

பதில்: இருபதையும் ஓரமாக வைத்துவிட்டு, ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். ‘கை வீசம்மா கை வீசு’ போதும். முதல் இரண்டு நாள் அவனை எதிரே உட்காரவைத்து, இரு கைகளையும் பிடித்துக்கொண்டு, பாட்டின் வேகத்துக்கு வீசுங்கள். மூன்றாம் நாள் ‘கடைக்குப் போகலாம்’ என்பதோடு நிறுத்திவிட்டு அவன் முகத்தைப் பாருங்கள். மனத்துக்குள் ஐந்து எண்ணி முடிக்கும்வரை வாய் திறக்காதீர்கள். கைப்பேசி யாருக்காகவும் காத்திருப்பதில்லை, அதனால் குழந்தைக்கு அங்கே பதில் சொல்லும் வாய்ப்பே இல்லை. நீங்கள் விட்ட இடத்தில் அவன் ‘கை வீசு’ என்று எடுத்துக்கொடுத்தால், அது ஒப்பித்தல் அல்ல, உங்களோடு பேசுவது.

அதன் பிறகு சொற்களை மாற்றுங்கள். மிட்டாய் வாங்கி மெதுவாய்த் தின்பதும், சொக்காய் வாங்கிச் சொகுசாய்ப் போடுவதும், கோயிலுக்குப் போய்க் கும்பிட்டு வருவதும் மோனையால் கோத்த இணைகள். ‘இன்று என்ன வாங்கலாம்?’ என்று அவனையே கேளுங்கள். அவன் பந்து என்றால், ‘பந்து வாங்கலாம் கை வீசு, பார்த்து ஆடலாம் கை வீசு’ என்று நீங்கள் முடித்துவையுங்கள். மறுநாள் கூடையோடு உண்மையான கடைக்கே அழைத்துச் சென்று, அவன் சொன்ன பொருளை அவன் கையாலேயே எடுக்கவிடுங்கள். பொருள் கேட்டு அவனைச் சோதிக்க வேண்டிய தேவை அதோடு நின்றுவிடும்.

இரண்டாம் வாரத்துக்கு ‘நிலா நிலா ஓடி வா’. இதைப் பகலில் அறைக்குள் பாடாதீர்கள். மூன்றாம் பிறையிலிருந்து பௌர்ணமி வரை மாலையில் மொட்டை மாடிக்குப் போனால் நிலாவைக் காட்டியே பாடலாம். பௌர்ணமிக்குப் பிறகு அது நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தாமதமாக எழுவதால், குழந்தை தூங்கிவிடுவான். தினமும் பார்த்த வடிவத்தைக் கோலமாவால் தரையில் போடச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். பாட்டை ஒப்பிக்கும் குழந்தை, ‘அம்மா, தண்ணி வேணும்’ என்பதுபோலச் சொற்களைச் சேர்த்துத் தானாகக் கேட்காமல் இருந்தால், தாமதிக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டிக் காதையும் பரிசோதித்துவிடுங்கள்.

கேள்வி: பேத்திக்கு ஒன்பது மாதம். மருமகள் வேலைக்குப் போகும்போது நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இந்த வயதில் பாட்டு சொல்லிக்கொடுப்பதில் பயன் உண்டா?
– ஒரு பாட்டி, நாகர்கோவில்

பதில்: நிச்சயம் உண்டு, அம்மா. தெய்வத்தையோ தலைவரையோ குழந்தையாக நினைத்துப் பாடும் நம் பிள்ளைத்தமிழ் இலக்கியம், ஐந்தாம் மாதத்துக்குக் கைகளை ஊன்றித் தலையை அசைத்தாடும் செங்கீரையையும் ஒன்பதாம் மாதத்துக்குக் கை தட்டும் சப்பாணியையும் வகுத்துவைத்தது, குழந்தையின் உடம்பு எந்த மாதத்தில் எதற்குத் தயாராகிறது என்று கண்ணால் பார்த்துத்தான். உங்கள் பேத்தி இப்போது சப்பாணிப் பருவத்தில் இருக்கிறாள். கை தட்டுவதே அவளுக்குப் பாடம்.

உங்களுக்குத் தெரிந்த பருப்புக் கடையும் விளையாட்டைத் தொடங்குங்கள். அவள் உள்ளங்கையை விரித்து, உங்கள் முழங்கை முனையால் மெல்லச் சுற்றிப் பருப்புக் கடைந்து, ‘அம்மாவுக்குக் கொஞ்சம், அப்பாவுக்குக் கொஞ்சம்’ என்று ஒவ்வொரு விரலாக மடக்குங்கள். பிறகு ‘நண்டு ஊருது, நரி ஊருது’ என்று இரண்டு விரலால் கை மேல் நடந்து அக்குளுக்குப் போங்கள். நான்கைந்து நாளில், நண்டு முழங்கையைத் தாண்டும் முன்பே அவள் தோளைக் குறுக்கிக்கொண்டு சிரிப்பாள். அடுத்து வரப்போவதை அவள் நினைவில் வைத்திருக்கிறாள் என்பதற்கு அந்தச் சிரிப்பே சான்று. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியிருக்கிறது. ஆகவே, பாட்டுக்காகத் தொலைக்காட்சியைப் போட வேண்டியதில்லை. குரல் நன்றாக இல்லையே என்று தயங்காதீர்கள். அவளுக்குப் பழகிய குரல் உங்களுடையது.

கேள்வி: நான்கு வயது மகள் பழத்தைப் ‘பயம்’ என்கிறாள். பாடும்போது திருத்தலாமா?
– ஒரு தந்தை, சேலம்

பதில்: பாட்டை நடுவில் நிறுத்தித் திருத்தாதீர்கள். ழகரம் குழந்தைகளுக்குத் தாமதமாக வருவது இயல்பு. அவள் ‘பயம்’ என்றால், ‘ஆமாம், வாழைப்பழம்!’ என்று தெளிவாகச் சொல்லிவிட்டுத் தொடருங்கள். பிறகு, ‘கோழி கோழி எங்கே போனாய்? கீழை வாசல் வழியே போனேன்’ என்று ஒரு வரியைக் கட்டி, கேள்வியை நீங்களும் பதிலை அவளும் பாடுங்கள். கண்ணாடி முன் இருவரும் உட்கார்ந்து பாடினால், உங்கள் நாக்கு நுனி மேலண்ணத்தைத் தொடாமல் பின்னால் வளைவதை அவளே எட்டிப் பார்ப்பாள்.