பாட்டிய பாத்துக்கிட்டது பிடிச்சுப்போச்சு, அதையே வேலையாக்கலாமா?

கேள்வி: ப்ளஸ் டூ காமர்ஸ் முடிச்சிருக்கேன். படுத்த படுக்கையா இருந்த பாட்டிய நான்தான் பாத்துக்கிட்டேன், அந்த வேலை எனக்கு பிடிச்சிருக்கு. வீட்ல “ஆயா வேலைக்கா போகப்போற?”ன்னு கேக்குறாங்க. என்ன படிக்கலாம்?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: கேக்குறவங்க கேக்கட்டும்மா, நாளைக்கு அவங்களுக்கே ஆள் தேவைப்படும். பி.எஸ்ஸி நர்சிங்குக்கு சயின்ஸ் குரூப் வேணும், ஆனா ஜி.என்.எம்னு (ஜெனரல் நர்சிங் அண்ட் மிட்வைஃபரி) சொல்ற 3 வருஷ நர்சிங் டிப்ளமாவுக்கு இந்தியன் நர்சிங் கவுன்சில் விதிப்படி எந்த குரூப்பும் போகலாம், காலேஜுக்கு காலேஜ் கண்டிஷன் மாறும்ங்கறதால ப்ராஸ்பெக்டஸ பாத்துட்டு, கவுன்சில் அங்கீகாரம் இருக்கான்னும் விசாரிச்சுட்டு பணத்த கட்டுங்க. சீக்கிரமா சம்பாதிக்கணும்னா ஹோம் ஹெல்த் எய்டுன்னு, வீட்ல இருக்கற நோயாளிங்கள பாத்துக்க சொல்லித்தர்ற சில மாச கோர்ஸ் இருக்கு, ஆனா அத முடிச்சா நீங்க உதவியாளர்தான், நர்ஸ் இல்ல, சம்பளமும் அதுக்கேத்த மாதிரிதான். என்னைக் கேட்டா ஜி.என்.எம்தான், நர்ஸானா முதியோர பாத்துக்கற வேலைக்கும் இடம் இருக்கு. சென்னை கிண்டியில முதியோருக்குன்னே 200 படுக்கையோட தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024ல திறந்திருக்காங்க, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துலயும் வீட்டுக்கே போய் படுத்த படுக்கையா இருக்கறவங்கள பாக்க நர்ஸுங்க இருக்காங்க.

ஒண்ணு மட்டும் சொல்றேன், சொந்தப் பாட்டி திட்டினா சிரிச்சுக்கலாம், மறதி நோய் வந்த யாரோ ஒரு தாத்தா ராத்திரி பூரா கத்தினா பொறுமை வேணும். சேர்றதுக்கு முன்னாடி பக்கத்துல இருக்க முதியோர் இல்லத்துல ஒரு மாசம் போய் உதவி பண்ணிப் பாருங்க.