தெருவில் மரம் வைத்தால் செலவா, வரவா? டெல்டாக்காரர்கள் கேட்டவையும் என் பதில்களும்

நாற்றங்காலிலும் அப்புறம் நகராட்சிப் பூங்கா வேலையிலும் காலத்தை ஓட்டியவன் என்பதால் தெரு மரங்களைப் பற்றி என்னிடம் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

மன்னார்குடி, குடியிருப்போர் சங்கச் செயலாளர்: எங்கள் நகரில் நூறு கன்று வைக்கப் போகிறோம் சார். ஒரு மரத்துக்கு என்ன செலவாகும்? போட்ட காசு திரும்புமா?

கன்றின் விலையைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். வனத்துறை நாற்றங்காலில் கேட்டால் இலவசமாகவே கிடைக்கலாம், தனியாரிடம் வாங்கினாலும் பெரிய தொகை இல்லை. ஆடு மாடு கடிக்காத கூண்டு, குழி வெட்டி எரு போடுகிற கூலி, எல்லாவற்றுக்கும் மேலாக முதல் இரண்டு மூன்று கோடைக்குத் தண்ணீர், பணம் போவது இங்கேதான். தை மாத நடுவில் மேட்டூர் அணையை மூடிய பிறகு வாய்க்கால் காய்ந்துவிடும். மாசியிலிருந்து வைகாசி வரை வாரம் இரண்டு தடவையாவது ஆளுக்கொரு குடம் ஊற்ற யார் இருக்கிறார்கள் என்று முதலில் பெயர் எழுதிப் பாருங்கள். முப்பது கன்றுக்குத்தான் ஆள் தேறுகிறது என்றால் முப்பதே வையுங்கள். நூறு வைத்துப் போட்டோ எடுத்து, சித்திரையில் நூறு வெறும் கூண்டு நிற்கிற தெருக்களை நிறையப் பார்த்தாயிற்று.

திரும்புமா என்றால், இதற்கு அமெரிக்காவில் காசுக் கணக்கே போட்டிருக்கிறார்கள். 2005இல் வந்த ஆய்வு அது. ஐந்து நகரங்களில் ஒரு மரத்துக்கு வருஷம் 13 முதல் 65 டாலர் வரை செலவு, பலன் 31 முதல் 89 டாலர் வரை. செலவழித்த ஒவ்வொரு டாலருக்கும் 1.37 முதல் 3.09 டாலர் வரை திரும்பியிருக்கிறது. அந்தத் தொகையில் வீட்டு விலை ஏறுவதும் சேர்த்தி, ஆகவே அப்படியே மன்னார்குடிக்குக் கொண்டுவர முடியாது. நமக்கு வரவு என்றால் நிழல்தான். நிழல் விழுகிற சுவரும் தரையும் வெயிலில் கிடப்பதைவிட 11 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரை குளிர்ச்சியாக இருக்கலாம் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை சொல்லும் கணக்கு. வீட்டுக்கு மேற்கே ஒரு மரம் இருந்தால் சாயங்கால வெயில் சுவரில் ஏறாது, ராத்திரி ஏசி ஓடுகிற நேரம் குறையும். ஆனால் ஒன்று, இந்தப் பலன் பெரிய மரத்தில்தான் வரும். முதல் பத்து வருஷம் பெரும்பாலும் செலவுதான்.

கும்பகோணம்: தெருவே இருபது அடி, மேலே கரண்ட் கம்பி. என்ன மரம் வைக்கலாம்?

கம்பிக்கு அடியில் வாகை, தூங்குமூஞ்சி, அரசு எதுவும் வேண்டாம். வைத்தால் வருஷா வருஷம் உச்சியை மொட்டையடிப்பார்கள், வெட்டிய இடத்தில் அழுகல் இறங்கி மரம் உள்ளே கூடாகிவிடும். மந்தாரை, பவளமல்லி, இந்த அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். கம்பி இல்லாத பக்கம் மகிழம் வைக்கலாம், மெதுவாக வளரும், குடை பிடித்த மாதிரி நிற்கும். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இரண்டு பக்கமும் உயரமான கட்டடம், நடுவில் இடைவிடாமல் வண்டி ஓடுகிற குறுகலான கடைத்தெரு என்றால், மேலே கிளைகள் கூரை மாதிரி மூடிக்கொண்டால் புகை மேலே போகாமல் ஆள் மூச்சு விடுகிற உயரத்திலேயே தங்கும். மரம் எங்கே வைத்தாலும் காற்று சுத்தமாகும் என்பது பாதி உண்மைதான்.

அதே ஊர், கடைக்காரர்: மரம் போர்டை மறைக்கிறதே?

கீழ்க்கிளைகளைக் கழித்துவிட்டால் போர்டு தெரியும். உங்கள் வாடிக்கையாளர் வண்டியை நிழலில் விடுகிறாரா வெயிலில் விடுகிறாரா என்று ஒரு மதியம் பாருங்கள். போர்டை மரத்தில் ஆணி அடித்து மாட்டுவது மட்டும் வேண்டாம்.

பட்டுக்கோட்டை: கஜா புயலில் எங்கள் தெருவில் விழுந்த மரங்களை அகற்றவே பல நாள் ஆனது. இன்னும் மரம் வை என்கிறீர்களே அண்ணே?

கோபம் நியாயமானதுதான் தம்பி. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையேறிய அந்தப் புயலில் தென்னந்தோப்பு தோப்பாகச் சாய்ந்ததை நீங்களும் பார்த்தீர்கள், நானும் பார்த்தேன். ஆனால் தெருவில் விழுந்த மரங்களின் அடியைக் குனிந்து பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். குழாய் போட, வடிகால் கட்ட, ஒரு பக்க வேரை மொத்தமாக வெட்டியிருப்பார்கள். மீதி இருந்த பக்கத்தில் சிமெண்ட். அப்படிப்பட்ட மரம் ஊறிப்போன மண்ணில் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? பாலித்தீன் பையில் ரொம்ப நாள் கிடந்து வேர் வட்டமாகச் சுருண்டுபோன கன்றும் இதே கதைதான், அதை வைக்கும்போதே சுருளை அறுத்துப் பிரித்துவிட வேண்டும்.

மரத்தின் குணமும் உண்டு. செம்மயிற்கொன்றை, தூங்குமூஞ்சி இரண்டும் வெளியிலிருந்து வந்தவை, சீக்கிரம் நிழல் தரும், காற்றில் கிளை முறியும் அல்லது வேரோடு சாயும். கடலோரத்துக்குப் புன்னையும் பூவரசும் நல்லது, உப்புக்காற்றைத் தாங்கும். உள்ளே வந்தால் புங்கை, வேம்பு, நாவல். பனை நின்றதே என்று கேட்பீர்கள். நின்றது, தெரு ஓரத்தில் நிழலுக்கு அது உதவாது என்பது வேறு விஷயம். புரட்டாசியிலேயே காய்ந்த கிளைகளையும் ஒரு பக்கம் கனத்த கிளைகளையும் இறக்கிவிட்டால் பாதி ஆபத்து குறையும். மழை தொடங்கிய பிறகு அரிவாளோடு ஓடுவதில் பிரயோஜனம் இல்லை.

தஞ்சாவூர்: எதிர்வீட்டு வேர் என் செப்டிக் டேங்கை உடைத்துவிட்டது.

நல்ல நிலையில் இருக்கிற குழாயையோ தொட்டியையோ வேர் அவ்வளவு சுலபமாக உடைக்காது அம்மா. இணைப்பில் கசிவு இருந்தால் அந்த ஈரத்தைத் தேடி நுழையும், அப்புறம் பருத்துப் பிளக்கும். முதலில் கசிவை அடையுங்கள். ஆல், அரசு, அத்தி வகைகள் மட்டும் இதற்கு விதிவிலக்கு. அவை குளக்கரைக்கும் கோயிலுக்கும் போகட்டும். மற்ற மரங்களுக்கு அடியில் நான்கடிக்கு நான்கடி மண்ணைத் திறந்து விட்டால் வேர் நடைபாதையைத் தூக்குவதும் குறையும்.

திருவாரூர்: தேரோடும் வீதியில்?

வேண்டாம். ஆழித்தேர் 96 அடி என்பார்கள், அகலமும் கொஞ்சமில்லை. வீதியை விட்டுச் சந்துகளில் வையுங்கள்.

மயிலாடுதுறை: கோனோகார்பஸ் மரம் வேகமாக வளர்கிறதே, அதையே வைத்தால் என்ன?

குஜராத் 2023இலும் தமிழ்நாடு 2025இலும் தடை செய்துவிட்டன. மகரந்தத்தால் ஒவ்வாமை வருகிறது, வேர் வடிகாலைத் தேடிப் போகிறது என்பதெல்லாம்தான் புகார். நிற்பதையும் எடுத்துவிட்டுப் புங்கை வையுங்கள். கொசு மரத்தால் வருகிறதா என்றும் கேட்டிருக்கிறீர்கள்: தேங்கிய தண்ணீரால் வருகிறது.

பாபநாசம்: சாலை அகலப்படுத்த வெட்டுகிற ஒரு மரத்துக்குப் பத்து கன்று வைக்கிறார்களே, கணக்கு சரிதானே?

சரியில்லை. ஐம்பது வருஷப் புளியமரம் இன்றைக்கே தருகிற நிழலை அந்தப் பத்தும் பிழைத்தாலும் பதினைந்து இருபது வருஷம் கழித்துத்தான் தரும், பத்தும் பிழைப்பதுமில்லை. அதனால் ஒரு ஊரில் முதல் பணம் நிற்கிற மரத்துக்குத்தான் போக வேண்டும் என்பேன்: அடியில் சிமெண்டை உடைப்பது, ஆணி பிடுங்குவது, தெரிந்த ஆளை வைத்துக் கிளை கழிப்பது. புதுக் கன்றெல்லாம் அப்புறம்.

நீடாமங்கலம்: எந்த மாதம் வைப்பது?

ஆடியில் வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் வைத்தால் ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்துவிடும். ஆளுயரக் கன்றாக வாங்குங்கள், குச்சி கட்டுங்கள். இரண்டாம் வருஷம் கயிற்றை அவிழ்க்க மறக்காதீர்கள், அது பட்டையில் பதிந்துவிட்டால் மரம் சரியாக அந்த இடத்தில்தான் ஒடியும்.