கடைசி ஆள் வந்துவிட்டாரா?

ஓட்டம் பற்றிய உங்கள் கேள்விகளுக்கான பக்கம் இது. இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மார்கழி, தைக் குளிரில் மலைப்பாதையில் கூட்டமாக ஓடுவது பற்றியவை. அதனால் அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: திருப்பூரில் நாங்கள் 14 பேர் ஞாயிற்றுக்கிழமைதோறும் சேர்ந்து ஓடுகிறோம். எல்லாம் தார்ச்சாலைதான். ஜனவரியில் ஊட்டிக்குப் போய், தெரிந்தவர் ஒருவரின் எஸ்டேட் வழியாக 10 கி.மீ. மண்பாதையில் ஓடலாம் என்று திட்டம். ஐந்தரைக்கே தொடங்கினால் வெயிலுக்கு முன் முடித்துவிடலாம் என்கிறார்கள் சிலர். நாலைந்து பேர் புதியவர்கள். என்ன உடுத்துவது, எப்படி ஓடுவது?
— வாசகர், திருப்பூர்

பதில்: முதலில் அந்த ஐந்தரையை மாற்றுங்கள். வெயிலுக்கு முன் முடிப்பது என்பது திருப்பூர்க் கணக்கு. ஊட்டியில் ஜனவரி மாதம் சூரியன் உதிக்கவே ஏறக்குறைய ஆறே முக்கால் ஆகிவிடும். குளிரின் உச்சம் நள்ளிரவில் வரும் என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் ராத்திரி முழுக்கத் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுக்கொண்டே இருப்பதால் விடியலை ஒட்டித்தான் அது வரும். ஐந்தரைக்குக் கிளம்பினால் இருட்டு, உச்சக் குளிர் இரண்டையும் சேர்த்து வாங்குவீர்கள். ஏழு மணிக்குத் தொடங்குங்கள், ஏழரை ஆனாலும் தப்பில்லை.

அப்புறம் பாதை. மேகமும் காற்றும் இல்லாத இரவுக்கு அடுத்த காலையில்தான் உறைபனி கொட்டிக் கிடக்கும். குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் மாதிரி சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கிவிடும். தலைகுந்தா, காந்தல் பக்கம் புல்வெளி வெள்ளையாகக் கிடக்கும்போது, கொஞ்சம் மேட்டில் இருக்கிற வீட்டு வாசலில் ஒன்றுமே இல்லாமல் இருப்பது இதனால்தான். எனவே முந்தின நாள் மாலையே இரண்டு பேர் முழுப் பாதையையும் நடந்து பாருங்கள். ஓடைப் பாலம் எங்கே, பள்ளத்து வளைவு எங்கே, பாதை எங்கெல்லாம் இரண்டாகப் பிரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மரப்பலகை, வேர், பாறை இவற்றின் மேல் படிந்த பனி பல நேரம் கண்ணுக்கே தெரியாது. அந்த இடங்களில் நடங்கள்.

ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. திருப்பூரில் ஒரு மூச்சில் கிடைக்கிற ஆக்சிஜனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அங்கே குறையும். முந்தின நாள் மாலை மலையேறி மறுநாள் காலை ஓடுகிற உடம்புக்கு அது பழகியிருக்காது. கைக்கடிகாரம் காட்டும் வேகத்தை அன்று விட்டுவிடுங்கள், பக்கத்தில் ஓடுபவரோடு பேச முடிகிற வேகம் போதும்.

உடை விஷயத்தில், பனியன் ஊர்க்காரர்களிடம் சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் உடம்பை ஒட்டிப் பருத்தி வேண்டாம். பருத்தி வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், எளிதில் காயாது. பாலியஸ்டர் விளையாட்டு டி-ஷர்ட், அதன் மேல் மெல்லிய முழுக்கை, காற்றைத் தடுக்கிற லேசான ஜாக்கெட், கையுறை, காதை மூடும் குல்லா, இவ்வளவுதான். தொடங்குகிற இடத்தில் நிற்கும்போது கொஞ்சம் குளிரவேண்டும். நிற்கும்போதே கதகதப்பாக இருந்தால் பத்து நிமிடத்தில் வியர்த்து நனைந்துவிடுவீர்கள், மலைக் குளிரில் நனைந்த சட்டைதான் ஆளைச் சாய்க்கும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன் ஒரு டிசம்பர் காலை ஒன்பது பேர் ஓடினோம், முன்னால் வழிகாட்டிப் போனது நான். பாதை பிரிகிற ஓரிடத்தில் பின்னால் வருபவர்களுக்காக நின்றோம். எட்டுப் பேர் சேர்ந்துவிட்டோம், ஒன்பதாவது ஆள் வரவில்லை. இதோ வந்துவிடுவார், இதோ வந்துவிடுவார் என்று கால் மணி நேரம் நின்றதில் வியர்வை குளிர்ந்து எங்கள் எல்லோருக்குமே பல் தந்தியடிக்க ஆரம்பித்துவிட்டது. திரும்பிப் போய்த் தேடினால், அவர் அதற்கு முந்தைய பிரிவிலேயே தப்பாகத் திரும்பி, தேயிலைக்கு நடுவே ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். ஜாக்கெட் ஜிப்பை இழுக்க விரல் வரவில்லை, பேச்சு குழறியது. அன்று உறைபனி கூட இல்லை. நனைந்த சட்டையும் கொஞ்சம் காற்றும் அவரை அந்த நிலைக்குக் கொண்டுவந்துவிட்டன. நல்லவேளையாக, உலர்ந்த சட்டை மாற்றி, இரண்டு பேரின் ஜாக்கெட்டைப் போர்த்தி, சூடாக இனிப்புத் தேநீர் கொடுத்ததில் அரை மணியில் தேறிவிட்டார். தப்பு அவருடையது இல்லை, பின்னால் திரும்பிப் பார்க்காமல் ஓடிய என்னுடையது.

உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்குவது ஆபத்தான நிலை. ஓயாத நடுக்கம், விரல் சொன்ன பேச்சுக் கேட்காமல் போவது, பேச்சுக் குழறல், தடுமாற்றம் எல்லாம் அதற்கான அறிகுறிகள். நடுக்கம் நின்றுபோய் ஆள் மந்தமாகிவிட்டால் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள், உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

அன்றிலிருந்து எங்கள் குழுவில் சில விஷயங்களை மாற்றவே மாட்டோம். கிளம்பும்போது தலையை எண்ணுவோம். நன்றாக ஓடக்கூடிய ஒருவர் போனோடு கடைசியில் வருவார், அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும் என்பதால் போன் உடம்பை ஒட்டிய உள்பையில் இருக்கும். பாதை பிரிகிற இடத்தில் ஒருவரும் நிற்பதில்லை, முன்னால் போனவர்கள் கடைசி ஆள் வரை திரும்பி ஓடிவந்து, அவரோடு சேர்ந்து மறுபடி போவார்கள். வேகமானவர்களுக்கு இரண்டு கிலோமீட்டர் கூடக் கிடைக்கும், யாருக்கும் உடம்பு குளிராது. உங்கள் 14 பேருக்கும் இதையேதான் சொல்வேன்.

முடித்த உடனே, போட்டோவுக்கு முன்னால், தேநீருக்கு முன்னால், சட்டையை மாற்றுங்கள். வண்டியில் ஆளுக்கொரு உலர்ந்த சட்டையும் துண்டும் இருக்கட்டும். எஸ்டேட் நிர்வாகத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள், தெரிந்தவர் என்பது மட்டும் போதாது. பக்கத்துக் காப்புக்காட்டுக்குள் நுழைய வேண்டாம், அதற்கு வனத்துறை அனுமதி தனி. வண்டிக்கு இ-பாஸ் எடுத்துக்கொள்ளுங்கள். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை உண்டு, எனவே வீட்டிலிருந்தே பாட்டில் கொண்டுபோங்கள். குளிரில் தாகம் தெரியாது, தெரியாவிட்டாலும் குடியுங்கள்.

கேள்வி: எனக்குச் சின்ன வயதிலிருந்து வீசிங் உண்டு, இப்போது கட்டுப்பாட்டில் இருக்கிறது. ஏற்காட்டில் தோழிகளோடு காலையில் ஓடக் கூப்பிடுகிறார்கள். பனிக்காற்று நெஞ்சுக்குள் போனால் சளி கட்டிவிடும் என்கிறார் மாமியார். போகலாமா?
— வாசகி, ஈரோடு

பதில்: மாமியார் சொல்வதில் விஷயம் இருக்கிறது. சளி பிடிப்பது வைரஸால்தான், பனியால் இல்லை. ஆனால் குளிர்காற்று உங்கள் மூச்சுக்குழாயைத் தொந்தரவு செய்யும் என்பது உண்மை. மூக்கு வழியாகப் போகும் காற்று சூடேறி ஈரமாகித்தான் உள்ளே போகிறது. ஓடும்போது வாயால் இழுக்கிறோம், குளிர்ந்த வறண்ட காற்று நேரே போய்க் குழாயின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ள, வீசிங் உள்ளவர்களுக்கு அது சுருங்குகிறது.

கவனிக்கவேண்டியது, பலருக்கு இந்த இறுக்கம் ஓடும்போது தெரியாமல், ஓடி முடித்த ஐந்து பத்து நிமிடத்தில்தான் அதிகமாகும். நன்றாகத்தானே ஓடினோம் என்று தனியாகக் காரில் ஏறிக் கிளம்பிவிடாதீர்கள், தோழிகளோடு கால் மணி நேரமாவது இருங்கள்.

முதலில் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். ஓடுவதற்கு முன்பே இன்ஹேலர் எடுக்கவேண்டுமா, எவ்வளவு நேரம் முன்பு என்பதை அவர்தான் சொல்லவேண்டும். அவர் சரி என்றால் தாராளமாகப் போங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் நடையும் மெதுவோட்டமுமாகத் தொடங்கி, மூக்கையும் வாயையும் மெல்லிய துணியால் மூடிக்கொள்ளுங்கள், விட்ட மூச்சின் ஈரமும் சூடும் அதில் தங்கும். இன்ஹேலரைக் காரில் வைத்துவிட்டுப் போகக் கூடாது. குளிர்ந்து போனால் அதிலிருந்து மருந்து சரியாக வராது, உடம்பை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பையில் இருக்கிறது என்று ஒரு தோழிக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: நாங்கள் உள்ளூர்க்காரர்கள், எட்டுப் பேர். விடிகாலையில் தேயிலைப் பாதையில் அடிக்கடி காட்டுமாடு நிற்கிறது. கூட்டமாகப் போனால் அதுவே விலகிவிடும் என்கிறான் நண்பன். சரியா?
— வாசகர், குன்னூர்

பதில்: சரியில்லை. பெரிய ஆண் காட்டுமாடு ஒரு டன் எடை வரை இருக்கும், எட்டுப் பேரைப் பார்த்து அது ஒதுங்கவேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை, கன்றோடு நிற்கிற பசு இன்னும் மோசம். கூட்டத்தால் கிடைக்கிற நன்மை ஒன்றுதான், பேச்சுச் சத்தம். நீங்கள் வருவது அதற்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். வளைவில் திடீரென்று முகத்துக்கு முகம் பார்ப்பதுதான் ஆபத்து. ஆகவே காதில் இயர்போன் வேண்டாம், வளைவுக்கு முன் குரல் கொடுங்கள். பார்த்துவிட்டால் ஓட்டத்தை நிறுத்தி, வந்த வழியே மெதுவாகப் பின்வாங்குங்கள். டார்ச் அடிக்கவோ கல் எறியவோ கூடாது. முன்னால் நாலு பேர், பின்னால் நாலு பேர் என்று பிரிந்து நடுவில் மாடு மாட்டிக்கொள்கிற நிலை மட்டும் வரவே கூடாது. கரடியும் நடமாடுகிற நேரம் அது, உங்களுக்குத் தெரியாததில்லை. நன்றாக விடிந்த பிறகு போங்கள்.

கேள்வி: எனக்கு 52 வயது. எங்கள் குழுவில் எப்போதும் நான்தான் கடைசி. எனக்காக எல்லோரும் குளிரில் காத்து நிற்கிறார்களே என்று நினைத்தால் போகவே கூச்சமாக இருக்கிறது. தனியாக ஓடிக்கொள்ளட்டுமா?
— வாசகி, கொடைக்கானல்

பதில்: தனியாக வேண்டாம். மலைப்பாதையில் கால் பிசகினால் கூட அடுத்த ஆள் வருவதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கடைசியில் ஓடுவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. உங்கள் குழு ஓடுகிற முறையில்தான் குறை இருக்கிறது, அதைச் சரிசெய்வது சுலபம்.

தூரத்தை வைத்து ஓடாமல் நேரத்தை வைத்து ஓடச் சொல்லுங்கள். போன வழியே திரும்பி வருகிற பாதையாகப் பார்த்து, எல்லோரும் ஒன்றாகக் கிளம்பி, சரியாக 35 நிமிடம் ஆனதும் அவரவர் எங்கே இருக்கிறார்களோ அங்கேயே திரும்பிவிட வேண்டும். உங்களோடு ஒருவர் சேர்ந்து ஓடட்டும். வேகமாக ஓடுபவர் ஆறு கிலோமீட்டரில் திரும்புவார், நீங்கள் நாலில் திரும்புவீர்கள். போன வேகத்திலேயே வந்தால் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் தொடங்கிய இடத்துக்கு வந்து சேர்வீர்கள், ஒருவரும் ஒரு நிமிடம் கூடக் குளிரில் நிற்க வேண்டியதில்லை. திரும்பும்போது முதல் ஆள் நீங்கள். மற்றவர்கள்தான் உங்களைப் பிடிக்க ஓடிவர வேண்டும்.