பாய்மரப் படகில் கிறிஸ்துமஸும் புத்தாண்டும்: பெக்வே தீவில் நாங்கள் கழித்த இரண்டு வாரங்கள்

கேள்வி: வெளிநாட்டுக் கடலில் பாய்மரப் படகில் பயணம் செய்துகொண்டிருக்கும்போது கிறிஸ்துமஸ், புத்தாண்டு விடுமுறையை எப்படிக் கழிப்பது? அடுத்த நவம்பரில் இரண்டு குழந்தைகளுடன் அட்லாண்டிக்கைக் கடக்கவிருக்கிறோம்.

நானும் என் மனைவியும் 2022இல் இதே பயணத்தை எங்கள் 38 அடிப் படகில் செய்தோம். கனேரித் தீவுகளின் லாஸ் பால்மாஸிலிருந்து நவம்பர் கடைசியில் புறப்பட்டு, ஏறத்தாழ 2,700 கடல் மைல்களை 22 நாட்களில் கடந்து, டிசம்பர் நடுவில் செயின்ட் லூசியாவை அடைந்தோம். கரீபியப் புயல் பருவம் நவம்பர் 30 அன்று முடிவதாலும், அதற்குள் வியாபாரக் காற்று (கிழக்கிலிருந்து மேற்காகச் சீராக வீசும் காற்று) நிலைபெறத் தொடங்கிவிடுவதாலும் பெரும்பாலான படகுகள் இந்தக் கணக்கில்தான் கிளம்புகின்றன. எனவே உங்கள் கிறிஸ்துமஸும் கரீபியத் தீவுகளில் ஏதோ ஒன்றில்தான் அமையும். அது எந்த விரிகுடா என்பதை முன்பே முடிவு செய்து, குறைந்தது நான்கு நாட்களுக்கு முன்னதாக அங்கே நங்கூரம் போட்டுவிடுங்கள் என்பதே நான் முதலில் சொல்ல விரும்புவது. விருந்துக்கோ விமானத்தில் வரும் உறவினருக்கோ ஒரு தேதியைச் சொல்லிவிட்டு, அந்தத் தேதியைப் பிடிப்பதற்காகக் கடலில் இறங்காதீர்கள்.

இதற்குக் காரணம் காற்று. டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி வரை, வட அட்லாண்டிக்கின் உயர் அழுத்தம் வலுக்கும்போது வியாபாரக் காற்றும் சேர்ந்து வலுக்கிறது. அதைத் தீவுக்காரர்கள் கிறிஸ்துமஸ் காற்று என்றே அழைக்கிறார்கள். நான் பிறந்த தூத்துக்குடியின் கடற்கரை மொழியில் சொன்னால், அது வாடைக்கும் கொண்டலுக்கும் இடைப்பட்ட வடகிழக்குத் திசையிலிருந்து வருவது. 25 நாட் (மணிக்கு 25 கடல் மைல்) வேகத்தில் நாள்கணக்காக வீசும் அந்தக் காற்று, மழை மேகம் கடக்கும் நேரத்தில் 30ஐயும் தாண்டும். தீவுகளுக்கு இடையிலான நீரிணைகளில் நீரோட்டமும் சேர்ந்துகொள்வதால், பத்து மைல் தூரம்கூடக் குழந்தைகளுக்கு நீண்ட நாளாகிவிடும்.

லண்டனில் வேலை பார்க்கும் எங்கள் மகள் பண்டிகைக்கு வர விரும்பியபோது, நாங்கள் எந்தத் தீவில் இருக்கிறோமோ அங்கே அவள் வரட்டும் என்று முடிவு செய்தோம். செயின்ட் லூசியாவுக்குத் தெற்கே உள்ள செயின்ட் வின்சென்டில் 2017இல் திறக்கப்பட்ட ஆர்கைல் விமான நிலையத்தில் இறங்கி, கிங்ஸ்டவுன் துறையிலிருந்து ஒரு மணி நேரப் படகுச் சவாரியில், அதே நாட்டின் சிறு தீவான பெக்வேக்கு வந்து சேர்ந்தாள். எங்களுக்கு அவசரமே இருக்கவில்லை.

பெக்வேக்குப் போகும் முன் செயின்ட் வின்சென்டில் மூன்று நாட்கள் தங்கினோம். உங்களையும் அப்படித் தங்கச் சொல்வேன். கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஒன்பது விடியற்காலைகளில் அந்நாட்டு மக்கள் இருட்டோடு எழுந்து தெருவுக்கு வந்துவிடுகிறார்கள். ‘நைன் மார்னிங்ஸ்’ என்ற இந்த வழக்கம் அவர்களுக்கே உரியது. கத்தோலிக்க நவநாள் வழிபாட்டுக்குப் பிறகு மக்கள் வீட்டுக்குத் திரும்பாமல் தெருவில் உலவியதிலிருந்து தோன்றியதாகச் சொல்கிறார்கள். அதிகாலை நான்கரை மணிக்கு நாங்கள் கிங்ஸ்டவுனின் ஹெரிடேஜ் சதுக்கத்துக்குச் சென்றபோது, வண்ண விளக்குகளின் கீழ் ஸ்டீல் பேண்ட் (எஃகு முரசு இசைக்குழு) வாசித்துக்கொண்டிருந்தது; பாட்டிகளும் பள்ளிப் பிள்ளைகளும் ஒன்றாக ஆடிக்கொண்டிருந்தார்கள்; சிலர் அங்கிருந்து நேராகக் கடலில் குளிக்கப் போனார்கள். டிசம்பர் 16 என்றால் எனக்கு மார்கழி முதல் நாள். நாங்கள் கத்தோலிக்கர்கள் என்றாலும், எங்கள் தெருமுனைக் கோயிலின் ஒலிபெருக்கியில் திருப்பாவை கேட்டுத்தான் அந்த மாதம் முழுவதும் கண்விழிப்போம். உலகின் மறுபுறத்தில் அதே நாட்களில் ஓர் ஊர் முழுவதும் விடியலுக்கு முன் பாட்டுக்காக எழுந்து நிற்பதைக் கண்டபோது, கனேரித் தீவுகளை விட்டுக் கிளம்பியதிலிருந்து மனதில் இருந்த ஏக்கம் சட்டென்று குறைந்தது.

இன்னொன்றும் அங்கே எங்களை நெகிழ வைத்தது. கறியும் உருளைக்கிழங்கும் வைத்து மடித்த ரொட்டியைக் காலை உணவுக்கு வாங்கியபோது, எங்கள் முகத்தைப் பார்த்த கடைக்கார அம்மா, தம் முன்னோர்களும் மதராஸிலிருந்து வந்தவர்கள்தான் என்றார். 1861 ஜூன் 1 அன்று, கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு மதராஸிலிருந்து வந்த கப்பல்தான் அந்நாட்டுக்கு முதல் இந்தியர்களைக் கொண்டுவந்தது. நாங்கள் விரும்பிப் பாயேற்றி வந்த கடல் வழியாக அவர்கள் எந்த நிலையில் வந்திருப்பார்கள் என்று அன்று முழுவதும் பேசிக்கொண்டிருந்தோம்.

டிசம்பர் 20 அன்று பெக்வேயின் அட்மிரால்டி விரிகுடாவை அடைந்து, பிரின்சஸ் மார்கரெட் கடற்கரைக்கு எதிரே, 8 மீட்டர் ஆழத்தில் 45 மீட்டர் நங்கூரச் சங்கிலி விட்டு நின்றோம். விரிகுடா மேற்கு நோக்கித் திறந்திருப்பதால் வியாபாரக் காற்று அலையை எழுப்புவதில்லை. ஆனால் குளிர்காலத்தில் வடக்கே வெகுதொலைவில் எழும் புயல்களின் பேரலை வளைந்து உள்ளே வரும் நாட்களில் படகு தொட்டில் போல ஆடும், கரைக்குப் போய்வர வைத்திருக்கும் சிறு படகான டிங்கியைக் கரையேற்றுவதும் கடினம். கிறிஸ்துமஸ் நெருங்க நெருங்கப் படகுகள் கூடிக்கொண்டே போகும். அவற்றில் சில போதிய சங்கிலி விடாமல் நிற்கும்.

24ஆம் தேதி மாலை, ஆராதனைக்குப் புறப்படத் தயாராக இருந்தபோது, மழையோடு வந்த ஒரு கடுங்காற்றில் எங்களுக்கு முன்னால் நின்ற, ஆளில்லாத ஒரு படகு நங்கூரத்தை இழுத்துக்கொண்டு எங்களை நோக்கி நகர்ந்தது. பக்கத்துப் படகின் பிரெஞ்சுத் தம்பதியும், வாட்டர் டாக்ஸி ஓட்டும் உள்ளூர் இளைஞர் ஒருவரும் எங்கள் கூச்சல் கேட்டு வந்து, அதன்மேல் ஏறிக் கூடுதல் சங்கிலி விட்டு நிறுத்தினார்கள். இடைவெளி இரண்டு மீட்டருக்கும் குறைவாக இருந்தது. போர்ட் எலிசபெத்தின் புனித மரியா ஆலயத்துக்கு நனைந்த உடையுடன் கடைசிப் பாடலுக்குத்தான் போய்ச் சேர்ந்தோம். அதற்குப் பிறகு, காற்று வலுத்த மாலைகளில் எங்களில் ஒருவராவது படகில் இருப்பது என்று வைத்துக்கொண்டோம். குழந்தைகள் இருக்கும் உங்களுக்கு இது இன்னும் முக்கியம்.

உணவைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். 25, 26 தேதிகளில் கடைகள் மூடியிருக்கும் என்பதால் 23க்குள் வாங்கிவிட்டால் போதும். சந்தையில் சீமைப்பலாவை விடாதீர்கள். 1793இல் கேப்டன் பிளை செயின்ட் வின்சென்டில் கொண்டுவந்து இறக்கிய மரத்தின் காய் அது; தீயில் சுட்டுத் தோலுரித்தால் சோற்றுக்கு ஈடாக நிற்கும். புளிச்சக்கீரைக்கு நெருங்கிய செடியின் சிவந்த புல்லிதழ்களை இஞ்சி, கிராம்புடன் ஊறவைத்துச் செய்யும் சாரல் பானம் பண்டிகை நாட்களில் எல்லா வீடுகளிலும் இருக்கும். கிறிஸ்துமஸ் மதியம் நான்கு படகுக்காரர்கள் கடற்கரையில் கூடி அவரவர் சமைத்ததைப் பகிர்ந்துகொண்டோம். நாங்கள் தேங்காய்ச் சாதம் கொண்டுபோனோம், பானை காலியாகத்தான் திரும்பியது.

அலங்காரத்துக்கு என் மகள் காகித நட்சத்திரம் ஒன்று செய்து தொங்கவிட்டாள். முதல் மழையிலேயே அது கரைந்துவிட, கிழிந்த பாய்த்துணியில் இன்னொன்று தைத்தோம். எதைக் கட்டினாலும், கொடிமர உச்சியின் வெள்ளை நங்கூர விளக்கு எல்லாத் திசைகளிலும் தெரியும்படி கட்டுங்கள்.

புத்தாண்டு அந்த விரிகுடாவில் பலமுறை பிறக்கிறது. எங்களுக்குப் பிற்பகல் இரண்டரை மணி என்றால் தூத்துக்குடியில் நள்ளிரவு. அம்மாவிடம் தொலைபேசியில் ஆசி வாங்கிப் பாயசம் குடித்தோம். மாலை ஏழு மணிக்குப் பிரெஞ்சுப் படகுகளில் ஊதுகுழல், எட்டு மணிக்கு ஆங்கிலேயருடையது, இறுதியாக நள்ளிரவில் கரையிலிருந்து வாணவேடிக்கை. அந்த உற்சாகத்தில் காலாவதியான ஆபத்துக்கால ஃப்ளேர்களை (உதவி கேட்டுக் கொளுத்தும் ஒளிச்சுடர்களை) சிலர் கொளுத்துவார்கள். உண்மையான அபாயக் குறியை மறைத்துவிடும் என்பதால் குழந்தைகள் கேட்டாலும் அதை அனுமதிக்காதீர்கள். மூன்று நாட்கள் கழித்துக் காற்று 15 நாட் வேகத்துக்கு இறங்கியதும் மகளைப் படகுத்துறையில் வழியனுப்பிவிட்டு, நாங்கள் டொபாகோ கேஸ் என்ற குட்டித் தீவுகளை நோக்கித் தெற்கே பாயேற்றினோம்.