'ஆப்ட் ஃபார்' என்பதை எங்கே, எப்படிப் பயன்படுத்துவது?

'ஆப்ட் ஃபார்' என்றாலும் 'சூஸ்' என்றாலும் தேர்ந்தெடுத்தல்தானே, பிறகு இரண்டு சொற்கள் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். பொருளில் இரண்டும் மிக நெருங்கியவைதாம். ஆனால் வாக்கியத்தில் அமையும் விதம் வேறு, பெரும்பாலான பிழைகள் நேர்வதும் அங்கேதான்.

'சூஸ்' செயப்படுபொருளை நேரடியாக ஏற்கும், 'ஆப்ட்' ஏற்காது. 'ஷி சோஸ் பிசிக்ஸ்' சரி, 'ஷி ஆப்டட் பிசிக்ஸ்' பிழை. 'ஷி ஆப்டட் ஃபார் பிசிக்ஸ்' என்றே எழுத வேண்டும். 'இயற்பியலைத் தேர்ந்தெடுத்தாள்' என்று இரண்டாம் வேற்றுமையில் சொல்லிப் பழகிய நமக்கு இடையில் வரும் 'ஃபார்' தேவையற்றதாகத் தோன்றுவதால், அதை விட்டுவிடுகிறோம். பெயர்ச்சொல்லுக்குப் பதிலாக வினை வருமானால், 'ஹி ஆப்டட் டு ஸ்டே' என்பதுபோல 'டு' சேரும்.

'ஆப்ஷன்' என்ற சொல்லும் இதுவும் ஒரே லத்தீன் வேரிலிருந்து வந்தவை. அந்த உறவை நினைவில் வைத்தால் பொருளின் நுட்பமும் பிடிபடும். அறுவை சிகிச்சை, மாத்திரை என்று மருத்துவர் இரண்டு வழிகளை முன்வைக்க, நோயாளி சாதக பாதகங்களை எடைபோட்டு ஒன்றை ஏற்கும்போது 'ஆப்ட் ஃபார்' கச்சிதமாகப் பொருந்தும். சீட்டுக்கட்டிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு ஒரு சீட்டை எடுப்பதற்கு 'பிக்' போதும். தவிர, 'ஆப்ட் ஃபார்' அறிக்கைக்கும் செய்திக்கும் உரிய தொனி கொண்டது. நண்பர்களிடம் பேசும்போது 'கோ ஃபார்' என்பதே இயல்பு.

'செட்டில் ஃபார்' என்பதை மட்டும் இதன் இடத்தில் வைத்துவிடாதீர்கள். விரும்பியது கிடைக்காமல், கிடைத்ததை ஏற்றுக்கொள்வது அது. வேலைக்கான விண்ணப்பத்தில் 'ஐ செட்டில்ட் ஃபார் யுவர் கம்பெனி' என்று எழுதினால் அழைப்பு வராது என்பது என் கணிப்பு. யோசித்து முடிவுக்கு வருவது 'செட்டில் ஆன்'.

'ஆப்ட் இன்' தாமாக முன்வந்து சேர்வதையும், 'ஆப்ட் அவுட்' விலகிக்கொள்வதையும் குறிக்கும். இங்கிலாந்தில் 2020 முதல் உள்ள உடலுறுப்புக் கொடை முறைக்கு 'ஆப்ட் அவுட்' என்றே பெயர்: சில விலக்குகள் தவிர, மறுப்புத் தெரிவிக்காத வயதுவந்தோர் சம்மதித்தவர்களாகவே கருதப்படுவர். மாறாக, 2018இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதிகளின்படி, முன்கூட்டியே டிக் செய்து வைத்த பெட்டி சம்மதமாகாது. பயனரே டிக் செய்து 'ஆப்ட் இன்' ஆக வேண்டும். எதிலிருந்து விலகுகிறோம் என்பதையும் சொல்வதானால், 'ஆப்ட் அவுட் ஆஃப் தி ஸ்கீம்' என்று 'ஆஃப்' சேர்க்க வேண்டும்.