பினாங்கில் குடும்பமாக நடத்தும் சின்னச் சீன பிஸ்கட் கடைகளுக்குப் போகலாமா? என்ன கேட்டு வாங்குவது?

கேட்டவர் குடும்பத்தோடு பினாங்கு வருகிறார். பெரிய விற்பனை நிலையங்களை விட்டுவிட்டு, ஜார்ஜ் டவுன் சந்துகளில் இருக்கும் சிறிய சீனக் கடையில் பழைய பாணிப் பலகாரம் வாங்கிப் பார்க்க ஆசை. ஆனால் மொழி தெரியாது, வீட்டில் பெரியவர்கள் சைவம் என்கிறார்.

தாராளமாகப் போகலாம். ஆனால் பெட்டி பெட்டியாக வாங்கும் எண்ணத்தோடு போகாதீர்கள். ஊருக்குக் கொண்டுபோய்ப் பங்கிட வேண்டுமென்றால் பெரிய கடைகளே போதும். கீ ஹியாங் 1856ஆம் ஆண்டிலிருந்து இருக்கும் பெயர். அவர்களுடைய பெட்டிகள் விமானப் பயணத்தையும் தாங்கும். சின்னக் கடையில் கிடைப்பது வேறு: காலையில் சுட்டது, கையில் எடுத்தால் இன்னும் சுடுவது. அதற்காகத்தான் அங்கே போக வேண்டும். ஐந்தாறு வாங்கி, கடைக்கு முன்னால் கூரையோடு ஓடும் ஐந்தடி நடைபாதையிலேயே நின்று தின்றுவிடுங்கள். ஓட்டலுக்குக் கொண்டுபோய்ச் சாப்பிட்டுவிட்டு 'அப்படி ஒன்றும் விசேஷமாக இல்லையே' என்று சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதலில் கேட்க வேண்டியது தவ்சார் பியா. தம்பூன் பிஸ்கட் என்றும் சொல்வார்கள். உள்ளே பாசிப்பருப்புப் பூரணம். ஊறவைத்து, வேகவைத்து, மசித்த பருப்பைச் சின்ன வெங்காயம் பொரித்த எண்ணெயில் சர்க்கரையும் உப்பும் சேர்த்துக் கிளறுகிறார்கள். நம் நாக்குக்குப் பருப்புப் பூரணம் புதிதல்ல. அதில் உப்பும் வெங்காய வாசனையும் வருவதுதான் புதிது. முதல் கடியில் குழம்புவீர்கள், இரண்டாவதில் பிடித்துப்போகும்.

ஆனால் கடையின் தரத்தைப் பூரணத்தை வைத்து நான் அளப்பதில்லை, மேல் ஓட்டை வைத்துத்தான். இரண்டு மாவு பிசைகிறார்கள். ஒன்றில் தண்ணீரும் கொழுப்பும் உண்டு. மற்றதில் வெறும் கொழுப்பு மட்டும், ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கிடையாது. முதல் மாவுக்குள் இரண்டாவதை வைத்து மூடி, நீளமாகத் தேய்த்து, பாய்போலச் சுருட்டி, திருப்பிவைத்து மறுபடி தேய்த்துச் சுருட்டுகிறார்கள். தண்ணீர் சேராத மாவு இழுவைத்தன்மை பெறாது என்பதால் அது இடையில் படிந்து மற்ற அடுக்குகளை ஒட்டவிடாமல் தடுக்கும். அடுப்புச் சூட்டில் அடுக்குகள் தனித்தனியாக விலகும். நல்ல ஓடு கடித்தவுடன் செதில் செதிலாக உதிர்ந்து சட்டையெல்லாம் சிந்தும். கடிக்கும்போது கடகடவென்றோ மாவாகவோ இருந்தால், அது அவசரத்தில் தேய்த்தது அல்லது நேற்றையது. நான் வழக்கமாகப் போகும் கடையில் பின்கட்டு தெரியும். தவுக்கே, அதாவது கடை முதலாளி, மாவு தேய்க்க, மருமகள் உருண்டை பிடிக்க, கிழவி முட்டைக் கருவைத் தூரிகையால் தடவுவார். உருண்டைகளை எடைபோட்டு நான் பார்த்ததே இல்லை. எல்லாம் ஒரே அளவில் இருக்கும்.

இனி உங்கள் முக்கியமான கவலை. அந்தக் கொழுப்பு பாரம்பரியமாகப் பன்றிக் கொழுப்பு. ஓடு அப்படி உதிர்வதற்கு அதுவும் ஒரு காரணம். இப்போது பல கடைகள் தாவர எண்ணெய்க்கு மாறிவிட்டன, ஆனால் எல்லாமும் மாறவில்லை. ஊகிக்காதீர்கள், கேளுங்கள். 'அடா லெமாக் பாபி?' என்று மலாயில் கேட்டால் போதும், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஹலால் முத்திரை இருந்தால் பன்றிக் கொழுப்பு இல்லை என்று நம்பலாம். முட்டை இல்லை என்று அர்த்தமில்லை. பெரியவர்கள் கண்டிப்பான சைவம் என்றால் 'சியாக் சாய்' என்று சொல்லிக் கேளுங்கள், ஹொக்கியன் என்ற சீன மொழி பேசுபவர்களுக்கு அது உடனே விளங்கும். பௌத்த மரபில் சைவம் கடைப்பிடிக்கும் சீனர்கள் வெங்காயம், பூண்டையும் விலக்குவார்கள் என்பதால், அப்படிச் சொல்லித் தரும் தவ்சார் பியாவில் வெங்காய மணம் இருக்காது. ருசி கொஞ்சம் குறையத்தான் செய்யும். சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்து முதல் ஒன்பது நாட்கள் இங்கே ஒன்பது பேரரசர் திருவிழா. அப்போது மஞ்சள் கொடி கட்டிய கடைகளில் எல்லாம் சைவம்தான். பெரியவர்களை அழைத்துவர அதைவிட நல்ல காலம் கிடையாது.

பே தே சோ என்று இன்னொன்று உண்டு. எள் தூவிய, தட்டையான பலகாரம். உள்ளே மால்ட் பாகும் பொரித்த வெங்காயமும். சூடாக இருக்கும்போது பாகு பல்லில் ஒட்டும், பல் கட்டியவர்கள் ஆறவிட்டுச் சாப்பிடவும். ஈப்போ பக்கம் போனால் குனோங் ராப்பாட்டில் இதன் அண்ணன் ஹியோங் பெங் கிடைக்கும். அங்கே பழைய முறையில் சுடுகிற இடங்களில் அடுப்பின் உட்சுவரில் ஒட்டவைத்துச் சுடுகிறார்கள். வெண்பூசணிப் பாகு வைத்த 'மனைவி பியா'வும் சில கடைகளில் உண்டு. எனக்கு அது தித்திப்பு அதிகம்.

காலை பத்து மணி வாக்கில் போவது நல்லது. மத்தியானத்துக்குப் பிறகு தட்டில் மிச்சம்தான் இருக்கும். சீனப் புத்தாண்டையொட்டிக் கடை நாட்கணக்கில் மூடியிருக்கும். சீன நாட்காட்டியின் எட்டாம் மாதப் பௌர்ணமிக்கு முந்தைய வாரங்களில் எல்லாரும் நிலாக் கேக்கில் மூழ்கிவிடுவார்கள். மற்றது கேட்டால் தலையசைப்புத்தான் பதில்.

இணையத்தில் பார்த்த கடை அந்த முகவரியில் இல்லாவிட்டால் ஆச்சரியப்படாதீர்கள். பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் முடிவுக்கு வந்தபோது நகரின் பழைய கடைவீடுகளில் வாடகை ஏறி, குடியிருந்தவர்கள் பலர் வெளியேறினார்கள். 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஜார்ஜ் டவுன் சேர்ந்த பிறகு அந்த வீடுகளில் காப்பிக் கடைகளும் தங்கும் விடுதிகளும் வந்தன. மாவு தேய்க்கிறவருக்கு அடுத்த தலைமுறை ஆள் கிடைக்காததும் சேர்ந்துகொண்டது. அதனால் பழைய பட்டியல்களை நம்பாமல், தங்கும் விடுதிக்குப் பக்கத்துக் காப்பிக் கடையில் விசாரியுங்கள். உள்ளூர்க்காரர் சொல்லும் கடைக்குப் பெயர்ப்பலகைகூட இல்லாமல் இருக்கலாம்.

மிச்சம் கொண்டுபோனால் மைக்ரோவேவில் வைக்க வேண்டாம், ஓடு சவசவத்துப்போகும். டோஸ்டர் அவனில் மிதமான சூட்டில் ஐந்து நிமிடம் வைத்து, கொஞ்சம் ஆறவிட்டுச் சாப்பிடுங்கள்.